தபாலில் காணாமற்போகும் குடிவரவு ஆவணங்கள்: கொழும்பில் குடியேறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் வேலைக்காகவோ, திருமணம் முடித்தோ, நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியோ குடியேறுகின்ற தமிழர் பலருக்கு முதல் ஓராண்டுக்குள் ஏதாவதொரு மூல ஆவணம் தபாலிலோ கூரியரிலோ வந்துசேர வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து திருமணச் சான்றிதழ் வர வேண்டியிருக்கலாம். விசாவுக்காக வேறொரு நாட்டின் தூதரகத்திடம் கொடுத்த கடவுச்சீட்டு திரும்பி வர வேண்டியிருக்கலாம். பொலிஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் பதிவுத்தபாலில் வரும் என்று சொல்லியிருப்பார்கள். குறித்த நாளில் உறை வராவிட்டால் பெரும்பாலானோர் அன்று மாலையே பொலிஸ் நிலையத்துக்குப் போய் “தொலைந்துவிட்டது” என்று முறைப்பாடு எழுதிவிடுகிறார்கள். பொலிஸுக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. உறை இறுதியாக யாருடைய கையில் இருந்தது என்பதை எழுத்தில் அறிந்துகொள்வது ஒன்று. உங்கள் பகுதிக்குத் தபால் விநியோகிக்கும் தபாலகத்துக்கு நேரில் செல்வது மற்றொன்று.

இந்த வரிசையை வலியுறுத்துவதற்குக் காரணம் கடவுச்சீட்டுதான். தொலைந்ததாக அறிவிக்கப்பட்ட கடவுச்சீட்டை அதை வழங்கிய நாடு இரத்துச் செய்துவிடும். அதன் இலக்கம் இன்டர்போல் 2002ஆம் ஆண்டிலிருந்து பேணிவரும் தொலைந்த, திருடப்பட்ட பயண ஆவணங்களின் தரவுத்தளத்திலும் ஏறலாம். அறிவித்த மறுநாளே உறை வீட்டு வாசலுக்கு வந்தாலும் அந்தக் கடவுச்சீட்டைக் கொண்டு நீங்கள் விமானம் ஏற முடியாது, அதிலுள்ள விசாவும் அதோடு பயனற்றுப்போகும். சான்றிதழ்களுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆகவே, உறைக்குள் இருந்தது கடவுச்சீட்டா, வேறு பத்திரமா என்பதைப் பொறுத்தே உங்கள் அவசரமும் நிதானமும் அமைய வேண்டும்.

முதலில் அனுப்பியவரிடம் பற்றுச்சீட்டின் படத்தை வட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். நாடுகளுக்கிடையே பதிவுத்தபாலில் செல்லும் எந்த உறைக்கும் பதின்மூன்று இடங்கள் கொண்ட இலக்கம் ஒன்று இருக்கும்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், இறுதியில் அனுப்பிய நாட்டின் குறியீடு. முதலெழுத்து ஆர் என்றிருந்தால் அது பதிவுத்தபால், ஈ என்றிருந்தால் விரைவுத்தபால். இந்தியாவிலிருந்து புறப்பட்டது ஐ.என். என்றும் இலங்கையிலிருந்து புறப்பட்டது எல்.கே. என்றும் முடியும். இந்த இலக்கமே இல்லாமல் சாதாரணத் தபாலில் அனுப்பப்பட்ட உறையை எந்தத் தபாலகத்தாலும் தேடித் தர முடியாது, அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. இலக்கம் இருந்தால், “சேர வேண்டிய நாட்டை அடைந்தது” என்ற பதிவோடு பல நாட்கள் அசையாமல் நிற்கும் உறை தொலைந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. வெளிநாட்டுத் தபால் கொழும்பில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள மத்திய தபால் பரிமாற்றகத்தின் வழியாகப் பிரிக்கப்பட்டு, அங்கிருந்து விநியோகத் தபாலகங்களுக்குச் செல்கிறது. இடையில் தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தம் ஏதும் நடந்திருந்தால், 2018 ஜூனிலும் 2025 ஆகஸ்டிலும் நடந்ததைப் போல, தேங்கிய மூட்டைகள் கரைவதற்கு மேலும் நாட்கள் பிடிக்கும்.

முறையான விசாரணையை அனுப்பியவர் தம் நாட்டுத் தபாலகத்தில் தொடக்குவதே வழமை. தபால் இடப்பட்ட மறுநாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இந்த விசாரணையைக் கோரலாம் என்பது அனைத்துலகத் தபால் ஒன்றியத்தின் விதி. ஊரிலுள்ள அப்பாவோ அண்ணனோ “இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்” என்று தள்ளிப்போடுவது இயல்பு. நீங்கள்தான் நச்சரிக்க வேண்டும். நட்டஈட்டைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பதிவுத்தபால் ஒன்று முற்றாகத் தொலைந்தால் ஒன்றியம் வகுத்துள்ள தொகை 30 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது அண்ணளவாக 40 அமெரிக்க டொலர்தான். விசாரணையால் கிடைக்கும் உண்மையான பயன் எழுத்தில் வரும் பதில். தூதரகத்திலும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலும் அந்தக் கடிதத்துக்கு நல்ல மதிப்பு உண்டு.

இரண்டாவது வேலை உங்கள் முகவரியோடு தொடர்புடையது. கொழும்பில் காணாமற்போவதாகச் சொல்லப்படும் உறைகள் பலவும் முகவரிச் சிக்கலால் எங்கேயோ ஒதுங்கி நிற்பவை என்பதே என் கணிப்பு. வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு பக்கமும் இறங்கும் ஒழுங்கைகளில், ஒரு காலத்தில் 23ஆம் இலக்க வீடு ஒன்றாக இருந்தது. பின்வளவில் எழுந்த வீடு 23/1 ஆனது. முன்வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டியபோது அதிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மாநகர சபை 23-3/2 என்பது போன்ற இலக்கம் கொடுத்தது. கட்டியவரோ கதவில் 3பி என்று ஒட்டிவிட்டுப் போனார். புதிதாக வந்தவர் கதவில் கண்டதை ஊருக்குச் சொல்கிறார், ஊரில் அதை எழுதுபவர் கோட்டையும் சாய்கோட்டையும் மாற்றிவிடுகிறார், உறை பின்வளவு வீட்டின் மேசையில் கிடக்கிறது. வீட்டு மின்பட்டியலில் அச்சிட்டிருக்கும் முகவரியை எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுதி அனுப்புவதே பாதுகாப்பானது. வெள்ளவத்தை என்றால் கொழும்பு 06 என்பதோடு 00600 என்ற தபாற் குறியீட்டையும் சேருங்கள். கொட்டாஞ்சேனைக்கு 01300, தெகிவளைக்கு 10350. வீட்டுக்காரரின் பெயரை “மேற்பார்வை” (c/o) என்று குறித்துச் சேர்ப்பதும் உதவும், ஏனெனில் தபாற்காரருக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

பதிவுத்தபாலை யாராவது கையொப்பமிட்டே பெற வேண்டும். பகலில் வீட்டில் ஆளில்லாவிட்டால் தபாற்காரர் ஓர் அறிவித்தல் துண்டை வைத்துவிட்டுப் போவார். அந்தத் துண்டு மின்மானிப் பெட்டிக்குள் பழைய நீர்ப்பட்டியல்களோடு செருகப்பட்டிருக்கும், அல்லது வாச்சரின் மேசை லாச்சிக்குள் பீட்சா விளம்பரங்களுக்கு அடியில் கிடக்கும். வாச்சர் மாறும்போது லாச்சியும் துப்புரவாகும். முதலில் அங்கே தேடுங்கள். பிறகு விநியோகத் தபாலகத்துக்குக் காலையிலேயே போய், உறையின் இலக்கம், அடையாள ஆவணம், வாடகை ஒப்பந்தத்தின் பிரதி ஆகியவற்றோடு தபாலதிபரைச் சந்தியுங்கள். “என் கடிதம் வந்ததா?” என்று கேட்டால் “வரவில்லை” என்ற ஒரு சொல்லில் உரையாடல் முடிந்துவிடும். இந்த இலக்கமுள்ள உறை இந்தத் தபாலகத்துக்கு எந்தத் திகதியில் கிடைத்தது, விநியோகித்திருந்தால் யார் கையொப்பமிட்டார், திருப்பியனுப்பியிருந்தால் என்ன காரணம் எழுதப்பட்டது என்று கேளுங்கள். பதிலைப் பெற எழுத்துமூல விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஒழுங்கைக்கு வரும் தபாற்காரரைப் பெயர் சொல்லி அழைக்குமளவுக்குப் பழகி வைத்திருப்பது இந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் விட வேகமாக வேலை செய்யும்.

கூரியர் என்றால் நடைமுறை வேறு. அங்கே விநியோகச் சான்று என்ற பெயரில் நேரமும் பெற்றவரின் கையொப்பமும் பதிவாகியிருக்கும், அதன் பிரதியைக் கேட்கலாம். கையொப்பமிட்டவர் உங்கள் அலுவலகத்தின் வரவேற்பாளராகவோ கீழ்வீட்டு அன்ரியாகவோ இருப்பது அதிசயமல்ல. விசா விண்ணப்ப நிலையம் அனுப்பிய கடவுச்சீட்டு என்றால், கூரியரை ஏற்பாடு செய்தது நிலையமே என்பதால் முறைப்பாட்டை நிலையத்துக்கும் எழுதுங்கள். நேரில் வந்து பெற்றுக்கொள்ளும் தெரிவு இருந்தால் அதையே எடுங்கள், முச்சக்கரவண்டிக் கட்டணத்துக்கு மேல் செலவு வராது.

இவ்வளவுக்குப் பிறகும் உறை கிடைக்காவிட்டால், நீங்கள் வசிக்கும் பகுதியின் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிய வேண்டும்; இங்கே பேச்சுவழக்கில் இதை என்ட்ரி போடுவது என்பார்கள். சிங்களத்தில் எழுதி உங்களிடம் கையொப்பம் கேட்டால், தமிழிலோ ஆங்கிலத்திலோ பதியுமாறு பணிவாகக் கேளுங்கள். அரச அலுவலர்களோடு அம்மொழிகளில் கருமமாற்றும் உரித்து அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நடைமுறையில் அது இயலாதபோது, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்று, எழுதியதை வாசித்துக் கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள். குறிப்பாக இரண்டைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, கடவுச்சீட்டு இலக்கத்தின் ஒவ்வோர் எழுத்தும் இலக்கமும். ஓர் இலக்கம் பிசகினாலும் தூதரகம் உங்களைத் திருப்பியனுப்பும். மற்றது, நீங்கள் கவனக்குறைவாகத் தொலைத்ததாக அல்லாமல், இன்ன திகதியில் இன்ன இலக்கத்தின் கீழ் அனுப்பப்பட்டு வழியில் காணாமற்போனதாக எழுதப்பட்டிருப்பது. முறைப்பாட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளை ஒன்றுக்கு மேல் எடுங்கள். சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசியும் முடித்து வையுங்கள்.

இந்தியக் குடிமக்கள் அடுத்து அணுக வேண்டியது கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயத்தை. அங்கே இரண்டு வழிகள் இருக்கும். அவசரச் சான்றிதழ் விரைவில் கிடைக்கும், ஆனால் அது ஒரு தடவை இந்தியா திரும்புவதற்கு மட்டுமே உதவும். வதிவிட விசாவில் வேலை செய்பவர் அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டால், மறுபடி வருவதற்குப் புதிய கடவுச்சீட்டோடு விசா ஏற்பாடுகளையும் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் மரணம், கடும் நோய் போன்ற காரணம் இல்லாவிட்டால் புதிய கடவுச்சீட்டுக்கே விண்ணப்பித்துக் காத்திருங்கள்.

காத்திருக்கும்போது விசா முடிவுத்திகதி உங்களுக்காக நிற்காது. கடவுச்சீட்டு கையில் இல்லை என்பதற்காக அனுமதிக்கப்பட்ட காலம் தானாக நீளாது. அதைத் தாண்டித் தங்குவது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின்படி குற்றம். பத்தரமுல்லையில் சுகுறுபாய கட்டிடத்திலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குத் திகதி முடிவதற்கு முன்பே, உங்கள் நிறுவனத்தின் கடிதம், பொலிஸ் பிரதி, பழைய விசாப் பக்கத்தின் பிரதி ஆகியவற்றோடு நேரில் சென்று நிலைமையை எழுத்தில் அறிவியுங்கள். புதிய கடவுச்சீட்டு வந்ததும் அதில் விசாவை மீளப் பதிவித்துக்கொள்வதும் அங்கேதான். வேலையைத் தரகரிடம் கொடுத்திருந்தாலும் இந்தக் கடிதத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை உங்கள் ஆவணக் கோவையில் இருக்க வேண்டும்.

மற்றப் பத்திரங்களைப் பொறுத்தவரை, தேடுவதை விட மறுபிரதி எடுப்பது பல வேளைகளில் விரைவானது. 1960க்குப் பின் இலங்கையில் நிகழ்ந்த பிறப்பு என்றால், சான்றிதழின் பிரதியை அருகிலுள்ள பிரதேச செயலகத்திலேயே கேட்கலாம்; வெள்ளவத்தை வாசிகளுக்கு அது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். தமிழ்நாட்டில் இருந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பதிந்து பெற்ற சான்றிதழ் தொலைந்திருந்தால், பத்தரமுல்லையிலுள்ள குடியுரிமைப் பிரிவை அணுக வேண்டும். பதிவு அங்கே இருப்பதால் பிள்ளையின் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது, பதற வேண்டாம். இந்தியச் சான்றிதழ்களை இந்தியாவில் புதிதாக எடுப்பது இப்போது எளிது, ஆனால் தொலைந்த மூலத்தில் இருந்த அத்தாட்சி முத்திரைகளைப் புதிய பிரதியிலும் மீண்டும் பெற வேண்டும். கால அட்டவணை போடும்போது அதை மறக்காதீர்கள்.

கனடாவிலிருந்து நீண்ட விடுமுறையில் வந்திருப்போர், நிரந்தர வதிவிட அட்டையைக் கொழும்பு முகவரிக்கு அனுப்புமாறு கேட்டுக் காலத்தை வீணாக்க வேண்டாம். அந்நாடு அட்டையைக் கனடிய முகவரிக்கே அனுப்பும். அட்டை இல்லாமல் திரும்ப, நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணத்துக்கு இங்கிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

உறையைத் தேடிக்கொண்டிருக்கும் நாட்களில் தபால் திணைக்களத்தின் பெயரில் “உங்கள் பொதி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, முகவரியைப் புதுப்பித்துச் சிறு கட்டணம் செலுத்துங்கள்” என்ற குறுஞ்செய்தி வந்தால், அது உங்கள் வங்கி அட்டை விபரத்தைக் குறிவைக்கும் மோசடி. திணைக்களமே இதைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது. உண்மையிலேயே உறையை எதிர்பார்த்திருப்பவர்தான் இதில் எளிதாக விழுகிறார்.

ஊரிலிருந்து சான்றிதழ்களை வரவழைக்கும்போது, சென்னையிலிருந்து வரும் நம்பிக்கையான உறவினர் கையில் கொடுத்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் கடவுச்சீட்டை அப்படி அனுப்பாதீர்கள். பிறருடைய கடவுச்சீட்டோடு விமான நிலையத்தில் நிற்பவர் தேவையற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரிடும்.

எல்லாம் முடிந்த பிறகு பழைய உறை வந்துசேர்வதும் உண்டு. உள்ளே இருப்பது சான்றிதழ் என்றால் வைத்துக்கொள்ளலாம். இரத்தான கடவுச்சீட்டு என்றால் அதைப் பயணத்துக்குப் பயன்படுத்தாமல் உயர் ஸ்தானிகராலயத்துக்குத் தெரிவித்து, அவர்கள் கேட்டால் ஒப்படையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டிலும் ஆவணம் கிடைத்துவிட்டதாக ஒரு மேலதிகக் குறிப்பு எழுதுவியுங்கள்.