தல்மூதின் ஒரே பக்கத்தை ஒரு மாதம் படிப்பது எப்படி

யூதர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் முதல் பக்கம் கிடையாது. அநேகமாக எந்தத் தொகுதியைத் திறந்தாலும் இரண்டாம் தாளில்தான் பாடம் தொடங்கும். தலைப்புத் தாளையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்ட அச்சுக்காரர் வழக்கம் அது என்பது ஒரு விளக்கம். எவ்வளவு படித்தவரும் இன்னும் முதல் பக்கத்துக்கே வந்து சேரவில்லை என்று காட்டத்தான் அப்படி என்பது பக்தர்கள் சொல்வது. கதை எழுதுகிறவன் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நான் யூதன் இல்லை. பாளையங்கோட்டையில் பள்ளியில் படித்தபோது ‘இஸ்ரவேலே, கேள்’ என்ற வசனத்தை மனப்பாடம் செய்தவன், அவ்வளவுதான். எழுதியதையே திருப்பித் திருப்பித் திருத்தி அலுத்துப்போயிருந்த ஒரு சமயத்தில், இஸ்ரேலின் ஹைஃபாவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரோடு வாரம் ஒரு மணி நேரம் காணொளியில் தல்மூது படிக்க ஆரம்பித்தேன். பழக்க தோஷத்தில் அவரை டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். அவரிடம் கற்றுக்கொண்ட முறைதான் இது.

முதலில், வேகத்தை விடுங்கள். தினம் ஒரு தாள் என்று உலகம் முழுக்கச் சேர்ந்து படிக்கும் வழக்கம் 1923இல் யூத மதகுருவான ரபி மேயர் ஷபீரோ வியன்னாவில் முன்வைத்த யோசனை. மொத்தம் 2,711 தாள், முடிக்க ஏழரை வருடம். நானும் தனியாக அப்படித்தான் தொடங்கினேன். நாற்பதாம் நாள் யோசித்துப் பார்த்தால் ஐந்தாம் நாள் படித்தது சுத்தமாக நினைவில் இல்லை. உங்களுக்கு ஒரு பக்கம் போதும்: பெராகோத் தொகுதி, இரண்டாம் தாள், முன்பக்கம். செஃபாரியா இணையதளத்தில் மூலமும் ஸ்டைன்சால்ட்ஸின் உரையோடு கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதோடு வழக்கமான அச்சான வில்னா பதிப்பின் அதே பக்கத்தைப் படமாக எடுத்து, பெரிய தாளில் அச்சிட்டு மேசையில் வையுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தின் உருவம் கண்ணில் பட வேண்டும்.

நடுவில் மிஷ்னா என்ற பழைய சட்டப் பாடமும், அதை அலசும் கெமாரா என்ற விவாதமும். ஒரு பக்கம் இடைக்கால உரையாசிரியர் ரஷியின் உரை, மறுபக்கம் அவருடைய பேரன்களும் பின்வந்தவர்களும் எழுதிய தோசஃபோத் என்ற கூடுதல் உரை. தாத்தா சொன்னதைப் பேரன் அதே பக்கத்தில் மறுப்பான். தொல்காப்பிய உரையில் சேனாவரையர் இளம்பூரணரை மறுப்பதைப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. இந்த அமைப்போடு முழுத் தல்மூதையும் 1520களில் வெனிஸில் அச்சிட்ட டேனியல் பொம்பெர்க் ஒரு கிறிஸ்தவர் என்பதும் ஒரு வேடிக்கை.

அடுத்து, ஒரு துணை தேடுங்கள். இதற்கு ஹவ்ரூதா என்று பெயர். உங்களைப் பாராட்டுகிறவரைத் தேடாதீர்கள். தல்மூதில் வரும் அறிஞர் ரேஷ் லாகிஷ் இறந்த பிறகு, அவரோடு படித்த ரபி யோஹனானுக்கு ஆறுதலாக வேறொரு அறிஞரை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் அவர், “உங்கள் கருத்துக்கு ஆதாரம் உண்டு” என்றார். யோஹனானுக்குப் பொறுக்கவில்லை. ரேஷ் லாகிஷ் இருபத்துநான்கு மறுப்பு சொல்வான், நான் இருபத்துநான்கு பதில் சொல்வேன், விஷயம் தெளிவாகும். நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா என்று புலம்பினார். என் கதைகளை முதலில் யாரிடம் கொடுப்பது என்பதை இதைப் படித்த பிறகு மாற்றிக்கொண்டேன்.

சத்தமாகப் படியுங்கள். மூலத்தில் நிறுத்தற்குறி கிடையாது. ஒரு வரி கேள்வியா, பதிலா, கிண்டலா என்பது குரல் கொடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

இனி பாடம். “மாலையில் ஷேமா சொல்வது எந்த நேரத்திலிருந்து?” இதுதான் மிஷ்னாவின் தொடக்கம். ஷேமா என்பது நான் மனப்பாடம் செய்த அதே ‘இஸ்ரவேலே, கேள்’. “ஆசாரியர்கள் தங்கள் காணிக்கை உணவை உண்ண உள்ளே போகும் நேரத்திலிருந்து” என்று பதில் வருகிறது. இங்கே நிறுத்துங்கள். கெமாராவைப் பார்க்காமல் உங்கள் மறுப்புகளை ஓரத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் இதற்கே போகட்டும்.

எனக்கு மூன்று தோன்றின. கெமாரா அவற்றில் இரண்டைக் கேட்டுவிட்டது. மிஷ்னாவைச் சொன்னவர் எங்கே நின்றுகொண்டு ‘எப்போதிலிருந்து’ என்கிறார்? சொல்ல வேண்டும் என்பதையே இன்னும் சொல்லவில்லையே? வேதத்தில் நிற்கிறார், ‘படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும்’ என்ற வசனத்தில், என்று பதில். சரி, ஆசாரியர் எதற்கு? நட்சத்திரம் தோன்றும் நேரம் என்று நேராகச் சொன்னால் என்ன? போகிற போக்கில் இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிடலாம் என்றுதான். தீட்டுக் கழிய முழுகிய ஆசாரியர், நட்சத்திரம் தோன்றிய பிறகே அந்த உணவைத் தொடலாம். விளக்கு வைக்கிற நேரம் என்று என் ஆச்சி சொல்லும்போது மணியும் தெரியும், வீடும் தெரியும். ‘மாலை ஆறு மணி’ என்று தொடங்கிய என் கதை ஒன்றை அன்றைக்கே அடித்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் வரை ரஷியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாருங்கள், உங்களுக்கு இடறிய சொல்லில்தான் பெரும்பாலும் அவரும் நின்றிருப்பார். வேத உரையில் ஓரிடத்தில், இது என்ன கற்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதியே வைத்திருக்கிறார். தெரியாவிட்டால் பேசாமல் தாண்டிப் போயிருக்கலாம். மக்கோத் தொகுதியின் பத்தொன்பதாம் தாளில் அவர் உரை பாதியில் நிற்கிறது: எங்கள் ஆசிரியரின் உயிர் பிரிந்தது, இதற்குமேல் அவர் விளக்கவில்லை, இனி மாணவரின் சொற்கள் என்று ஒரு குறிப்பு. அந்த வாரம் டீச்சர் அதைத் திரையில் காட்டினார். இருவரும் அன்று மேலே படிக்கவில்லை.

தீராத வாதத்துக்குக் கெமாரா ‘தேய்கு’ என்று போடும், நிற்கட்டும் என்று பொருள். இன்றைய இஸ்ரேலில் கால்பந்து ஆட்டம் சமனில் முடிந்தாலும் அதே சொல்தான். உங்கள் நோட்டிலும் அதற்கு ஒரு பக்கம் விடுங்கள்.

நம்பிக்கை இல்லாமல் இதைப் படிக்கலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும்; நானும் கேட்டேன். படிக்கும் முன் தான் சொல்லும் ஆசியை டீச்சர் எனக்கு மொழிபெயர்த்துக் காட்டினார். தோராவின், அதாவது வேதத்தின், சொற்களில் ஈடுபடக் கட்டளையிட்டவரே என்று வருகிறது, புரிந்துகொள்ள என்று இல்லை. “அந்த வரியைக் கேள்வியாகப் படி, நீ தப்பாகப் படித்தாய்” என்று உடனே பாடத்துக்குத் திரும்பிவிட்டார்.

அதே மிஷ்னாவில் ரபன் கம்லியேல் என்ற அறிஞரின் பிள்ளைகள் கல்யாண விருந்திலிருந்து நேரம் கழித்து வந்து, இன்னும் ஷேமா சொல்லவில்லையே என்கிறார்கள். விடியாவிட்டால் சொல்லியாக வேண்டும் என்கிறார் அப்பா. அந்தப் பிள்ளைகளைப் பற்றிய வாதம் ஒன்பதாம் தாளில்தான் வரும். நாங்கள் இப்போது ஆறில் இருக்கிறோம்.