ஃப்ரீசர் பனியில் சிக்கிய காற்றைப் பார்ப்பது எப்படி?

ஊட்டியில் இருபது வருடமாக ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறேன். இந்தக் குளிரில் ஃப்ரிட்ஜ் எதற்கு என்று கீழே இருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். ஐஸ்கிரீம் இங்கேயும் உருகத்தான் செய்யும்!

கல்லூரியில் இயற்பியல் படிக்கும் என் மகள், வால்நட்சத்திரப் பனியில் வாயு எப்படிச் சிக்குகிறது என்று ஒருநாள் விளக்கினாள். “இது நான் தினமும் சுரண்டிப் போடுகிற சங்கதிதானே” என்றேன். பாதிதான் சரி. அந்தப் பாதியை நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் உதவாது, பனியை அதுவே உருக்கிவிடும். பழைய டைரக்ட் கூல் வேண்டும். ஃப்ரீசர் சுவரில் புதிதாகப் படிந்த வெள்ளைப் பனியைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுங்கள். கத்தி கூடவே கூடாது. ஒரு குத்து பட்டால் போதும், உள்ளே ஓடும் கேஸ் உஸ்ஸென்று போய்விடும். எனக்கு வரும் வேலையில் பாதி இப்படி வருவதுதான். அடியில் கண்ணாடி மாதிரி இறுகிப்போன பனியை விட்டுவிடுங்கள்.

சுரண்டியதை எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்து, கண்ணாடி டம்ளரில் எண்ணெய் ஊற்றி உள்ளே போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், எங்கள் ஊரில் அது பாட்டிலிலேயே கட்டியாகக் கிடக்கும். சூரியகாந்தி எண்ணெய் சரி. மிதக்கும் உருண்டையைக் கரண்டியால் அமுக்கிப் பிடித்தால், உருகும் நீர் முத்து முத்தாகக் கீழே இறங்கும். குட்டிக் குமிழிகள் மேலே ஏறும். அதுதான் சிக்கியிருந்த காற்று.

ஐஸ் ட்ரேயில் தண்ணீர் மெதுவாக உறையும்போது காற்றை நடுவுக்குத் தள்ளிவிடும். அதனால்தான் கட்டியின் நடுவில் மட்டும் வெள்ளை. சுவர்ப்பனி அப்படியில்லை. ஆவி தண்ணீராகாமலே ஊசி ஊசியாகப் படியும், இடுக்கெல்லாம் காற்று. ஜனவரியில் ஊட்டி பக்கத்துத் தலைகுந்தா புல்வெளியில் வெளுத்துக் கிடக்கும் உறைபனியும் இதே ரகம்.

மீதிப் பாதி, வால்நட்சத்திரப் பனி பற்றி மகள் சொன்னது. மைனஸ் 200 டிகிரி வாக்கில் வெற்றிடத்தில் ஆவி படிந்தால், மூலக்கூறுகளுக்கு வரிசையாக அடுக்கிக்கொள்ளத் தெம்பு இருக்காது. விழுந்த இடத்திலேயே ஒட்டிக் குவியும். கூட வரும் ஆர்கான் போன்ற வாயு அந்தப் பொந்துகளில் புகுந்ததும், அடுத்து விழுவது மேலே மூடிவிடும். சூடேற்றினால் மைனஸ் 130 டிகிரி அருகே பனி படிகமாக மாறும்போது நிறைய வாயு வெளியேறும். மிச்சம், பனியே ஆவியாகும்போதுதான் போகும். இஸ்ரேலின் டெல் அவிவில் அகிவா பார்-நுன் என்ற விஞ்ஞானியின் குழு 1980-களில் இதை அளந்து பார்த்திருக்கிறது.

அப்புறம், டம்ளர் அடியில் தண்ணீர் நிற்கும். அந்த எண்ணெயை அப்படியே வாணலியில் ஊற்றிவிடாதீர்கள். அப்பளம் பொரிக்கப் போய் என் வீட்டில் அடுப்படி முழுக்கத் தெறித்தது.