தேயிலை மலை லயங்களில் டிடி ஃப்ரீ டிஷ் நிறுத்தும் முறை

கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட்டுகளில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில், ஒரு லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் இடையே ஒரு மலைச்சரிவே குறுக்கிடும். அங்கே கேபிள் இழுப்பது கட்டுப்படியாகாது. தரைக் கோபுரத்திலிருந்து முன்பு வந்த ஒளிபரப்பையும் மலை மறித்துவந்தது. அப்படிப்பட்ட வீடுகளுக்குப் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் தொடங்கிய, இப்போது டிடி ஃப்ரீ டிஷ் எனப்படும் இலவச டிடிஎச் சேவையே (செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டு டிஷ்ஷுக்கு வரும் ஒளிபரப்பு) தகுந்த வழி என்பது என் கருத்து. டிஷ், செட்டாப் பாக்ஸ், வயர் ஆகியவற்றுக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. 2024 ஜனவரி வரை பொதிகை என்று நாம் அழைத்த டிடி தமிழும், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மொழியிலேயே வரும் டிடி மலையாளமும் இதில் கிடைக்கின்றன.

இந்தச் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நம்மைப் பொறுத்தவரை ஒரே இடத்தில் நிற்கிறது. டெல்லியிலிருந்து பார்த்தால் அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 52 டிகிரி உயரத்தில் இருக்கும். நம் மலையிலிருந்து பார்த்தால் 68 டிகிரியை ஒட்டி, கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும். வடக்கே இருப்பவர்கள் எடுத்துப் போடும் செய்முறைக் காணொளிகளைப் பார்த்து இங்கே டிஷ் மாட்டுபவர்கள் தடுமாறுவதற்கு இதுவே முதல் காரணம்.

இந்த உயரத்தால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. எதிர்மலை எவ்வளவு ஓங்கியிருந்தாலும் பெரும்பாலும் மறைக்காது. பக்கத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களைத்தான் பார்க்க வேண்டும். டிஷ் மட்டத்துக்கு மேலே ஒரு மரம் 10 மீட்டர் நின்றால், அது டிஷ்ஷிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். இடம் சரிதானா என்று உறுதி செய்ய இன்னொரு வழி உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை 11 மணியை ஒட்டிச் சூரியன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் எந்த இடத்தில் வெயில் தங்குதடையின்றி விழுகிறதோ அந்த இடத்தில் டிஷ்ஷும் வேலை செய்யும். அதே நாட்களில் அதே நேரத்தில் படம் சில நிமிடங்கள் போய் வருவதும் சூரியனாலேயே என்பதால், அதற்காக டிஷ்ஷைத் தொட வேண்டாம்.

மறையூர், காந்தளூர் போன்ற மழை மறைவுப் பகுதிகளில் 60 சென்டிமீட்டர் டிஷ் போதும். மூணாறு பக்கமோ ஆனி, ஆடி மழையில் 11 கிகாஹெர்ட்ஸ் அலை வெகுவாகத் தேய்ந்துவிடும். ஆகவே கூடுதல் விலை கொடுத்தாவது 90 சென்டிமீட்டர் டிஷ்ஷே வாங்குங்கள். அதன் பரப்பு சிறியதைப் போல இரண்டேகால் மடங்கு. அந்த உபரிதான் மழை நாளில் படத்தைத் தாங்கும்.

டிஷ்ஷைத் தகரக் கூரையில் பொருத்தாதீர்கள். காற்றில் தகரம் அதிர்ந்தால் செயற்கைக்கோளை நோக்கிய குறியும் அசையும். சுவரிலோ, தரையில் கான்கிரீட் போட்டோ குழாயை நிறுத்தி, ரசமட்டத்தாலோ தூக்குக்குண்டாலோ இரண்டு பக்கமும் செங்குத்துதானா என்று பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் பிராக்கெட்டில் எழுதியிருக்கும் டிகிரி அளவு எதையும் நம்ப முடியாது. பிறகு அந்த அளவில் 68 வைத்து போல்ட்டுகளை லேசாக இறுக்கி, கைப்பேசித் திசைகாட்டியில் 120 டிகிரி பார்த்து, அதாவது நேர்கிழக்கிலிருந்து தெற்கே 30 டிகிரி தள்ளி, டிஷ்ஷைத் திருப்புங்கள். இவ்வளவு உயரத்தில் பக்கவாட்டில் ஐந்து டிகிரி தவறினாலும் வானத்தில் இரண்டு டிகிரிதான் பிசகும்; மேல்கீழில் இரண்டு டிகிரி தவறினால் முழு இரண்டும் பிசகும். அதனால் உயரத்தில்தான் கூடுதல் கவனம் தேவை.

அடுத்தது எல்என்பி, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீளும் கம்பியின் நுனியில் அலையை வாங்கும் கருவி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அலை வந்து சேரும் சாய்வுக்கு ஏற்ப எல்என்பியை டெல்லியில் 27 டிகிரி திருப்பினால் போதும். நம் மலையில் 58 டிகிரி திருப்ப வேண்டும். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று செயற்கைக்கோளை நோக்கிப் பார்த்தால், வயர் மாட்டும் வாய் கடிகாரத்தின் நான்கு மணி நிலையில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு லயத்தில், பெட்டியோடு வந்த தாளில் இருந்தபடி ஐந்து மணி நிலையில் வைத்துவிட்டு அரைநாள் போராடினேன். வெயிலில் படம் வந்தது, தூறல் விழுந்தவுடன் போய்விட்டது. அந்த வீட்டுப் பெண் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, "நாற்பது அண்ணே, நாற்பத்திரண்டு, ஐயோ போச்சு" என்று எண்ணைக் கூவிக்கொண்டே இருந்தார். எல்என்பியை நான்கு மணிக்குத் திருப்பிய பிறகுதான் அவர் வாயிலிருந்து எழுபது என்ற சொல் வந்தது.

அவர் கூவியது, பாக்ஸ் டிவியில் காட்டும் குவாலிட்டி எண், அதாவது வந்து சேரும் அலையின் தரம். நீங்களும் அதை மட்டுமே பாருங்கள். செயற்கைக்கோளே கிடைக்காதபோதும் ஸ்ட்ரெங்த் ஏறிக் காட்டும். பாக்ஸின் மெனுவில் எல்என்பி வகையை யுனிவர்சல் என்றும் அலைவரிசையை 11090 என்றும் குறித்து, செங்குத்து அலையைத் தேர்ந்து, சிம்பல் ரேட்டை 29500 ஆக்குங்கள். டிஷ்ஷை ஒரு விரல் அகலம் அசைத்து, மூன்று நான்கு நொடி நிறுத்தி எண்ணைக் கேட்டு, மறுபடி அசையுங்கள். பாக்ஸுக்கு அந்த அவகாசம் வேண்டும். வேறு சேனல்கள் மட்டும் தெரிந்தால், 91.5 டிகிரியில் நிற்கும் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்திருக்கக்கூடும். டிஷ்ஷைச் சற்றுத் தாழ்த்திக் கிழக்கே திருப்புங்கள்.

எதுவும் வரவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். எல்என்பி முனையில் வயரைக் கழற்றி அளந்தால் 13 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு வயரிலோ, அதன் முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டரிலோ, பாக்ஸிலோ இருக்கக்கூடும். நம் ஊர் ஈரத்தில் பழைய கனெக்டரைக் கழற்றினால், நடுக்கம்பியில் பச்சை பூத்து, பின்னல் கருத்து, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் உருளுவதைப் பார்க்கலாம். டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வரும் ஆர்ஜி-6 வயரை எல்என்பிக்குக் கீழே ஒரு வளையம் தொங்க விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கனெக்டரின் மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். ஐப்பசியை ஒட்டிய துலா மழைக் காலத்தில் பிற்பகல் இடி தொடங்கும் முன்பே பாக்ஸிலிருந்து வயரையும் மின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். குழாயைத் தனிக் கம்பியால் தரையில் எர்த் செய்வதும் கட்டாயம்.

குவாலிட்டி உச்சத்தில் நிற்கும்போது போல்ட்டுகளை ஒன்றை விட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள், ஒரே பக்கம் முழுக்க இறுக்கினால் குறி நகர்ந்துவிடும். கடைசியாக, குழாயிலிருந்து பிராக்கெட்டுக்கும், எல்என்பியிலிருந்து அதன் பிடிக்கும் குறுக்காகப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். காற்று டிஷ்ஷைத் திருப்பிவிட்டால், கோட்டோடு கோட்டைச் சேர்த்து வீட்டுக்காரரே படத்தை மீட்டுக்கொள்ளலாம்.