டீச்சர் லீவு போட்ட வகுப்புக்கு ஒரு நாள் போகிறவர்களுக்கு

பக்கத்து ஊர்ப் பள்ளியில் டீச்சர் லீவு, நாளைக்கு நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாயங்காலம் போன் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழக்கப்பட்டதுதான். இங்கே ஈராசிரியர் பள்ளிகள் நிறைய, ஒருவர் மருத்துவ விடுப்பில் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாக மேய்க்க வேண்டும், அதனால் யாரையாவது மாற்றுப் பணியில் அனுப்பியே ஆக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிகமாகச் சேர்ந்தவர்களுக்கும் முதல் நாள் இப்படித்தான் இருக்கும். அந்த ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போன் வந்த அன்றைக்கே லீவு போட்ட டீச்சரிடம் இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். எந்தப் பாடம் என்று கேட்பதற்கு முன்னால், யார் அரும்பு, யார் மொட்டு, யார் மலர் என்று கேளுங்கள். பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு வைத்த பெயர்கள் இவை: அரும்பு ஆரம்ப நிலை, மொட்டு அதற்கு அடுத்தது, மலர் அதற்கும் மேலே. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் உட்காருகிற பள்ளிகளில் வகுப்பைவிட இந்த நிலைதான் முக்கியம். மூன்றாம் வகுப்பில் இருக்கிற பையன் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கலாம், அவன் கையில் மலர் பக்கத்தைக் கொடுத்துவிட்டு எழுதச் சொன்னால் அவனுக்குச் செய்ய எதுவும் இல்லை. கை சும்மா இருந்தால் பக்கத்தில் இருப்பவனின் முடியைத்தான் இழுப்பான். என் அனுபவத்தில் "ரொம்ப சேட்டை" என்று எல்லோரும் காட்டுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கையில் பொருந்தாத வேலை இருக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் எட்டரைக்கு முன்னாலேயே போய்விடுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் காலை உணவு இருக்கிறது, சமைக்கிற அக்கா பெரும்பாலும் அதே ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர். ஊரில் எந்தப் பிள்ளை யாருடைய பேரன், யாருக்கும் யாருக்கும் ஆகாது, யார் காலையில் சாப்பிடாமல் வருவான் என்று அவருக்கு அத்தனையும் தெரியும். பிள்ளைகள் சாப்பிடும்போது அவர் பக்கத்தில் நின்று ஆறேழு பெயரையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமல் போன ஒரு பள்ளியில் இரண்டு பையன்கள் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார்கள், மதியம் வரைக்கும் நான் ஒருவனை இன்னொருவன் பெயரால் கூப்பிட, கூப்பிடும்போதெல்லாம் வகுப்பே குலுங்கியது, சத்துணவு பரிமாறிய அக்கா சரியான பெயரைச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் பாதி நாள் போய்விட்டது. வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் ஆறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், மற்றவர்கள் எல்லாம் "சார், என் பேரு தெரியுமா" என்று தானாகவே பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

அப்புறம் கரும்பலகை ஓரத்தைப் பாருங்கள். "பேசியவர்கள்" என்று தலைப்புப் போட்டுப் பெயர்கள் இருக்கும், சிலவற்றின் பக்கத்தில் எக்ஸ்ட்ரா பெருக்கல் குறி. லீடர் பிள்ளை சாக்பீஸோடு தயாராக நிற்கும். அதை அழித்துவிடுங்கள், எல்லோரும் பார்க்கும்போதே அழியுங்கள். நேற்றைய கணக்கு உங்களுடையது இல்லை. அந்த லீடரை மட்டும் விட்டுவிடக் கூடாது, அது பதவி போன பிள்ளை மாதிரி முகம் சுருங்கிவிடும். நோட்டு கொடுக்கிற வேலையோ தண்ணீர் பாட்டில் வரிசை பார்க்கிற வேலையோ கொடுங்கள். பக்கத்து வகுப்பிலிருந்து யாராவது குச்சி கொடுத்து அனுப்பினால் வாங்காதீர்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நான் வாங்க மாட்டேன், ஒரு நாளைக்கு வந்துபோகிறவர் அடித்த அடி அந்தப் பிள்ளைக்கு வருஷக்கணக்கில் ஞாபகம் இருக்கும்.

பத்து மணிக்குப் புகார் ஆரம்பிக்கும். இவன் கிள்ளிட்டான், அவ என் ரப்பரை எடுத்துட்டா, இவன் எங்க ஆயாவைத் திட்டிட்டான். ஒவ்வொன்றையும் விசாரிக்க உட்கார்ந்தால் மணி அடித்துவிடும், விசாரிக்காமல் விட்டால் கைகலப்பு. நான் ஒரு பழைய நோட்டை "புகார் நோட்டு" என்று மேஜையில் வைத்துவிடுவேன், எழுதத் தெரிந்தவர்கள் எழுதலாம், தெரியாதவர்கள் வரையலாம், மதியம் நானே படிப்பேன் என்று சொல்லிவிடுவேன். பாலக்கோடு பக்கம் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே அதில் பென்சிலை வரைந்தாள். பக்கம் முழுக்கப் பென்சில், பின்பக்கம் வரிவரியாகப் பல் கடித்த தடம், கூர் உடைந்த முனை, ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பையன். அந்தப் பல் தடத்தை வைத்துத்தான் அலமாரிக்கு அடியில் கிடந்த பென்சிலை அடையாளம் கண்டோம். யாரும் எடுக்கவில்லை, உருண்டு போயிருக்கிறது. அந்தப் பையனிடம் அவளே போய்ப் பென்சிலைக் காட்டினாள்.

வேப்பனப்பள்ளி, தளி, ஓசூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். அங்கே நிறைய வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நீங்கள் மூன்று தடவை சொல்லியும் உட்காரவில்லை என்றால் திமிர் என்று முடிவு கட்டாதீர்கள், உங்கள் வேகமான தமிழ் புரியாமல் நிற்கலாம். மெதுவாகச் சொல்லி, கையால் காட்டுங்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அதுவே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும்.

பென்னாகரம், நல்லம்பள்ளி மாதிரி ஊர்களில் இன்னொன்று. பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளை தாத்தா ஆயாவிடம் வளரும். பண்டிகைக்கு வந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஏறியிருந்தால் திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளை யாரையாவது அடிக்கும், இல்லை மூலையில் போய் ஒடுங்கும். அதனால் "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்ற மிரட்டலை மட்டும் வாயில் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையால் கூட்டி வர முடியாது, அது ஏன் என்று வகுப்பு முன்னால் சொல்லவும் முடியாது. "இங்க வா சாமி, இந்த நோட்டை எச்.எம். ரூம்ல வெச்சுட்டு வா" என்று ஒரு சின்ன வேலை கொடுத்து அனுப்புங்கள், நடந்து போய்த் திரும்பி வருவதற்குள் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

மத்தியானம்தான் கஷ்டம். முட்டையும் சோறும் சாப்பிட்டுவிட்டு வெயிலில் ஓடி வந்த பிள்ளைகளிடம் இரண்டு மணிக்குப் பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லாதீர்கள். எச்.எம்.மிடம் கேட்டுவிட்டு வேப்ப மர நிழலுக்குக் கூட்டிப் போய்ப் புளியங்கொட்டையை எடுங்கள். இந்தப் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை, பாதிப் பேர் டிராயர் பையிலேயே இருக்கும். அரும்புக்காரர்கள் எண்ணட்டும், மொட்டுக்காரர்கள் பத்துப் பத்தாகக் குவிக்கட்டும், மலர்க்காரர்கள் குவியலை வைத்துக் கழித்தல் கணக்குப் போட்டு ஒருவரை ஒருவர் கேட்கட்டும். சத்தம் இருக்கும், இருக்கட்டும். கடைசி அரை மணி நேரம் கதை, ஆனால் நீங்கள் சொல்லாதீர்கள், ஆயா சொன்ன கதையை அவர்களைச் சொல்ல விடுங்கள்.

மணி அடித்ததும் கிளம்பிவிடாமல் யார் யாரோடு போகிறார்கள் என்று வாசலில் நின்று பாருங்கள். அப்புறம் உள்ளே வந்து லீவு போட்ட டீச்சருக்கு ஒரு தாள் எழுதி மேஜையில் வையுங்கள். எந்தப் பக்கம் வரை முடிந்தது, யார் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, யாருக்கு விழுந்து முட்டி சிராய்ந்தது, யாரிடமிருந்து பம்பரத்தை வாங்கி எந்தத் தட்டில் வைத்திருக்கிறீர்கள், அதை நாளைக்குக் காலையில் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது வரைக்கும்.