அரியநாயகிபுரத்தில் நின்றுபோன செமினார்: வகுப்பில் பேச நடுங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

இளங்கலை இரண்டாமாண்டில் என் முதல் செமினார். தலைப்பு, தாமிரபரணிப் பாசனம். ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் என்று கம்பீரமாகத் தொடங்கி, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம் என நான்கைச் சொன்னேன். ஐந்தாவது வரவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. "அடுத்து எந்த ஊர்?" என்று ஆசிரியர் எடுத்துக் கொடுத்தார். "அரியநாயகிபுரம்" என்றேன் மறுபடியும். அந்தப் பருவம் முடியும்வரை வகுப்பில் எனக்கு அதுதான் பெயர்.

இப்போது நானே வகுப்பெடுக்கிறேன். அம்பாசமுத்திரம், முக்கூடல், களக்காடு பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் செமினார் அன்றைக்கு மட்டும் காய்ச்சல் என்று விடுப்புச் சொல்வதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லித்தரும் முறை இது.

முதலில் ஒரு விஷயம். பயத்தில் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கும், எச்சில் வற்றும், தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை சில்லிட்டுப்போகும். இதை முழுவதுமாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். நடுங்கிக்கொண்டே பேசி முடிக்க வழி பண்ணினால் போதும்.

1. ஒரு வாரம் முன்பு: பேச்சை எழுதாதீர்கள், நிறுத்தங்களை எழுதுங்கள்

நான் செய்த தவறு, நான்கு பக்கம் எழுதி அப்படியே மனப்பாடம் செய்தது. மனப்பாடம் சங்கிலி போன்றது. ஒரு கண்ணி விட்டால் அதற்குப் பிந்தையது எதுவும் கைக்கு வராது. அதற்குப் பதிலாக, அஞ்சலட்டை அளவுள்ள கெட்டி அட்டையில் நான்கைந்து சொற்களை மட்டும் எழுதுங்கள். என் தலைப்புக்கு என்றால்: பொதிகை, எட்டு அணை, கால்வாய், இன்றைய நிலை. பத்து நிமிடத்துக்கு இது தாராளம். ஓரிடத்தில் சிக்கினால் அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். நீங்கள் எதைத் தாண்டினீர்கள் என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது.

அட்டை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மெல்லிய தாள் கையின் நடுக்கத்தை வகுப்பு முழுக்கப் படபடவென்று அறிவித்துவிடும்.

2. முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்

நம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லிசை கேட்டிருப்பீர்கள். எத்தனை வருடம் பாடிய புலவராக இருந்தாலும் எடுத்த எடுப்பில் கதைக்குள் போவதில்லை. முதலில் வணக்கப் பாட்டு. அது வாயில் ஊறிய பாட்டு, யோசிக்க வேண்டியதில்லை. அது முடிவதற்குள் தொண்டை பதப்பட்டுவிடும், வில்லைத் தட்டும் வீசுகோல் கைக்குப் பழகிவிடும், கூட்டமும் உட்கார்ந்துவிடும்.

உங்கள் முதல் இரண்டு வாக்கியங்களும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். "என் பெயர் இன்னது, நான் எடுக்கப்போகும் தலைப்பு இன்னது" என்று தொடங்காதீர்கள்; அதை யாரும் காதில் வாங்குவதில்லை. நான் இப்படித் தொடங்கியிருக்கலாம்: "பொதிகையில் பிறந்து கடலைத் தொடுவதற்குள் தாமிரபரணியை எட்டு இடங்களில் மறித்திருக்கிறார்கள். அவற்றில் ஏழு, ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்பே கட்டப்பட்டவை." இரண்டாவது வாக்கியம் முடியும்போது பயத்தின் உச்சம் பெரும்பாலும் தாண்டியிருக்கும்.

3. வாய்விட்டுப் பேசுங்கள், ஓர் ஆள் முன்னால்

மனசுக்குள் படிப்பது பயிற்சியில் சேராது. குறைந்தது மூன்று முறை சத்தமாகப் பேச வேண்டும், அதில் ஒருமுறையாவது எதிரில் ஆள் இருக்க வேண்டும்.

எனக்கு வாய்த்த ஆள் ஆச்சி. மடியில் பீடிச் சுளகுடன் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். இலையை நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி முடிவது கண்ணிமைக்கும் நேரம். அடுத்த செமினாருக்கு அவள் முன்னால் நின்றுதான் பேசிப் பார்த்தேன். பாதியில் என்னை நிறுத்தி, "மடையைத் திறக்காமலே வயலுக்குத் தண்ணீர் போய்விட்டதே, எப்படியடா?" என்று கேட்டாள். உண்மைதான், கால்வாயிலிருந்து நேராக நெல்லுக்குத் தாவியிருந்தேன். இன்னொன்றையும் அன்று கவனித்தேன். நான் புள்ளிவிவரம் சொல்லும்போது அவள் கை ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவதைப் பற்றிச் சொன்னபோது நூல் சுற்றிய விரல் அப்படியே நின்றது. எந்த இடத்தில் கேட்பவர் கை நிற்கிறதோ, அந்த இடத்தைப் பேச்சின் முன்பகுதிக்குக் கொண்டுவாருங்கள்.

செல்பேசியில் நேரமும் பாருங்கள். வீட்டில் பத்து நிமிடம் வந்தது வகுப்பில் ஏழில் முடிந்துவிடும். நெல்லைக்காரர்களுக்கு இயல்பிலேயே பேச்சு ஓட்டம்தான். பயமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

4. ஆங்கிலம் பயமுறுத்தினால்

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குப் பாதி நடுக்கம் இதனால்தான். தமிழில் விளக்கலாமா என்று ஆசிரியரிடம் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். பலர் சம்மதிப்பார்கள்; அவர்களே இரண்டாவது வாக்கியத்தில் தமிழுக்கு வந்துவிடுகிறவர்கள்தானே. ஆங்கிலம்தான் வேண்டும் என்றால் வாக்கியங்களைச் சின்னதாக வையுங்கள். வாயில் நுழையாத ஐந்தாறு கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அவற்றைச் சுட்டிக்காட்டிப் பேசுங்கள்.

5. அன்று காலை

சாப்பிடுங்கள். காபி, டீயை வழக்கத்துக்கு மேல் குடிக்காதீர்கள், படபடப்பு கூடும். ஒரு பஸ் முன்னதாகப் போய், காலி வகுப்பில் நீங்கள் பேசப்போகும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

6. உங்கள் எண் வரும்வரை

பேசுவதைவிடக் கொடுமையானது இந்தக் காத்திருப்பு. மூச்சை மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஏழெட்டு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். ஐந்து முறை போதும்.

"பதறாதே, அமைதியாக இரு" என்று மட்டும் உங்களுக்கே சொல்லிக்கொள்ளாதீர்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஆனித் தேரோட்டத்தன்று வடத்தைப் பிடித்துக்கொண்டு தேர் அசையக் காத்திருக்கும்போதும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கிறது. அதைப் பயம் என்று யாரும் சொல்வதில்லை.

7. எழுந்து நின்றதும்

சாக்பீஸை எடுத்து ஏதாவது வரையுங்கள். கைக்கு வேலை கிடைக்கும், சில நொடிகள் வகுப்புக்கு முதுகு காட்டவும் நியாயமான காரணம் கிடைக்கும்.

பிறகு ஒரு முகத்தைத் தேடுங்கள். வில்லிசையில் புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" போடுவார். அந்த ஆமாமில்தான் அடுத்த வரி பிறக்கும். தலையாட்டிக் கேட்கும் தோழியையோ தோழனையோ மூன்றாவது வரிசையில் முன்கூட்டியே உட்காரச் சொல்லிவையுங்கள். உங்களைப் பார்த்தாலே சிரித்துவிடும் நெருங்கிய நண்பன் இதற்கு உதவமாட்டான்.

"பயமாக இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நடுக்கம் நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. அதை முன்கூட்டியே அறிந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள்.

8. சிக்கிக்கொண்டால்

தண்ணீர் குடியுங்கள். அட்டையைப் பாருங்கள். அடுத்த சொல். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன், ஐயா" என்பது கௌரவமான பதில்தான். மறுநாள் போய்ச் சொல்லவும் வேண்டும்.

நாள்கணக்கில் தூக்கம் போய், வகுப்பையே தவிர்க்கும் அளவுக்குப் பயம் முற்றியிருந்தால் இந்தச் சில்லறை யோசனைகள் போதாது. அரசின் டெலி மனாஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மூன்றாமாண்டில் அதே தலைப்பை வேண்டுமென்றே கேட்டு வாங்கினேன். இம்முறை கரும்பலகையின் இடது ஓரத்தில் பொதிகையை வரைந்து, ஆற்றைக் கடல்வரை ஒரே கோடாக இழுத்தேன். குறுக்கே ஒவ்வொரு கோடாகப் போட்டு ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டு வந்தேன். அரியநாயகிபுரம் என்று எழுதியதும் வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கை நிற்கவில்லை, சாக்பீஸ் இரண்டு விரற்கடை தள்ளி அடுத்த கோட்டைப் போட்டது. பழவூர்.