போர்விமான கேம் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்

போர்விமான கேம் ஒன்றை ஆசையாக வாங்கி, இரண்டு நாள் ஆடிவிட்டு, மூன்றாம் நாள் மறந்துபோனவர்கள் என் பழக்கத்தில் நிறையப் பேர் உண்டு. கேட்டால் "கேம் சரியில்லை" என்பார்கள். பெரும்பாலும் கேம் நன்றாகத்தான் இருக்கும். அவர்கள் தேடியது ஒன்று, வாங்கியது வேறொன்று. எந்தெந்த விமானங்கள் இருக்கின்றன, மேகம் எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்று பார்த்து வாங்குகிறோம். கையில் அது எப்படிப் பறக்கும், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த நேரம் எதில் கழியும் என்று பார்ப்பதில்லை. நான் கண்ட தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகின்றன.

வீடியோவில் பார்த்தது கன்சோலுக்கு வராது

காக்பிட்டில் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி, இன்ஜினை உயிர்ப்பித்து, ரன்வேயில் ஊர்ந்து போய் மேலே எழும்பும் வீடியோக்களை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல 'டிசிஎஸ் வேர்ல்ட்' என்ற கேமில் எடுக்கப்பட்டவை. அது கணினியில் மட்டும்தான் ஓடும். இரண்டாம் உலகப் போர் விமானங்களுக்குப் பேர்போன 'ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ்' வரிசையும் அப்படியே. அந்த வீடியோக்களை மனதில் வைத்துக்கொண்டு, டிவியோடு இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோலின் கடையில் தேடினால், கையில் கிடைக்கும் எதுவும் குறையாகவே தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. என் அக்கா மகன் ஒருநாள் போனில், "மாமா, ஃப்ளைட் சிமுலேட்டர் வாங்கிட்டேன், மிசைல் பட்டன் எதுன்னு தெரியல" என்றான். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் சுடுவதற்கு எதுவும் இல்லை என்று சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். 2021 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கன்சோல்களுக்கு வந்த அந்த கேம் பறப்பதற்கானது. அதே ஆண்டின் இறுதியில் எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட் போர்விமானம் கூட அதில் சேர்ந்தது. ஆனால் ஏவுகணையும் இல்லை, எதிரியும் இல்லை. அடுத்து வந்த 2024 பதிப்பு 2025 டிசம்பரில் பிஎஸ்5-க்கும் வந்துவிட்டது. அட்டையில் ஒரு ஜெட்டைப் பார்த்ததும் போர் என்று எண்ணிவிட வேண்டாம். மேலும், அது நிலப்பரப்பை இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே ஓடுவது. நெட் மெதுவாக இருக்கும் வீட்டில் அந்த அழகு பாதிகூடத் தெரியாது.

கதையா, களமா

இன்று கன்சோலில் போர்விமானம் என்றால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் முன்னால் நிற்கின்றன: ஏஸ் காம்பாட் 7, வார் தண்டர். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எது சிறந்தது என்று கேட்பதே தவறு. ஒன்று கதை, மற்றது களம்.

ஏஸ் காம்பாட் 7 வெளிவந்தது 2019 ஜனவரியில், பிஎஸ்4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும். 2024-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. ஒசியா, எருசியா என்ற கற்பனை நாடுகளுக்கிடையே நடக்கும் போர், 20 மிஷன்கள், பத்துப் பன்னிரண்டு மணி நேரக் கதை. விமானங்கள் மட்டும் பெரும்பாலும் நிஜமானவை: எஃப்-16, மிராஜ் 2000, ரஃபேல், சு-30. நம் தேஜஸ் அதில் இல்லை. தேடியவர்கள் என்னிடம் கேட்டதால் சொல்கிறேன். நிஜத்தில் ஒரு எஃப்-16 கைவிரல்களில் எண்ணிவிடும் அளவு ஏவுகணைகளைத்தான் சுமக்கும். இங்கே டஜன் டஜனாக ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். "இது நிஜமில்லையே" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த கேம் நிஜத்தைத் தருகிறேன் என்று சொல்லவே இல்லை. மேகத்துக்குள் நுழைந்தால் விமானத்தில் பனி உறைந்து கட்டுப்பாடு மந்தமாவதும், வானொலியில் கூட்டாளிகள் பதறுவதும், இசை ஏறுவதும் சேர்ந்து ஒரு நாடகத்தை நடத்துகின்றன. அந்த நாடகம் பிடிக்கும் என்றால் இதைவிட நல்லது கன்சோலில் இல்லை என்பது என் எண்ணம். ஒரு சின்ன எச்சரிக்கை: கதையில் பாதி அந்த வானொலிப் பேச்சில்தான் நகர்கிறது. சண்டையின் நடுவே சப்டைட்டில் வாசிக்க வேண்டியிருக்கும். சின்னத் திரையில் ஆடுபவர்களுக்கு அது கஷ்டம்.

வார் தண்டர் இலவசம், இணையத்தில் மற்ற ஆட்டக்காரர்களோடு மோதும் கேம். பிஎஸ்4 வந்த 2013-இலேயே அதில் கிடைத்தது. 1930-களின் இரட்டை இறக்கை விமானங்களில் தொடங்கி இன்றைய ஜெட்கள் வரை படிப்படியாக ஏற வேண்டும். அந்தப் படிகள் மாதக்கணக்கில் நீளும். இலவசம் என்றதும் பணம் மிச்சம் என்று இறங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு இதற்குப் பிறகுதான் வரும். பொறுமை தீர்ந்து, பணம் கொடுத்து ஒரு பிரீமியம் ஜெட்டை வாங்குவார்கள். அதன் விலை ஒரு முழு கேமின் விலையை நெருங்கும். வாங்கியதும் நேராக மேல்படியில் போய் நிற்பார்கள். அங்கே எதிரில் இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள். ஏவுகணை எங்கிருந்து வந்தது என்று தெரிவதற்குள் திரை இருண்டுவிடும். ராடாரைப் படிக்கவும், ஏவுகணையை ஏமாற்றும் ஃப்ளேர் என்ற தீப்பந்தை எப்போது விட வேண்டும் என்றும் கீழ்ப்படிகள்தான் சொல்லிக்கொடுக்கும். அந்தப் படிப்பைக் காசு கொடுத்துத் தாண்ட முடியாது.

வார் தண்டருக்குள்ளேயே ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என்று மூன்று வாசல்கள் உண்டு. ஆர்கேடில் எங்கே சுட வேண்டும் என்று திரையே குறி காட்டும். ஒரு விமானம் போனால் இன்னொன்றில் வரலாம். ரியலிஸ்டிக்கில் அந்தக் குறி இல்லை. எதிரி போகும் திசையைக் கணித்து முன்னால் சுட வேண்டும். சிமுலேட்டரில் காக்பிட்டுக்கு வெளியே பார்வையே கிடையாது. மூன்றையும் ஆடிப் பார்க்காமல் "வார் தண்டர் எனக்கு ஒத்துவரவில்லை" என்று முடிவு கட்டுவது அவசரம்.

பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு பெயரையும் சொல்ல வேண்டும்: புராஜெக்ட் விங்மேன். ஏஸ் காம்பாட்டின் மேல் காதல் கொண்ட ஒரு சிறு குழு செய்தது. 2020-இல் கணினிக்கு வந்து, 2023-இல் 'ஃப்ரண்ட்லைன் 59' என்ற கூடுதல் கதையோடு பிஎஸ்5-க்கு வந்தது. ஏஸ் காம்பாட் 7-ஐ முடித்துவிட்டு இன்னும் பசியோடு இருப்பவர்கள் அங்கே போகலாம்.

கட்டுப்பாட்டு அமைப்பைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்வது

இந்த வகை கேம்களில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கார் திரும்புவது போல விமானம் திரும்பாது. முதலில் பக்கவாட்டில் சாய வேண்டும். சாய்ந்த பிறகு மூக்கை மேலே இழுத்தால், அந்த இழுப்புதான் விமானத்தை வளைவில் கொண்டுபோகும். எதிரியின் வாலைப் பிடிக்க வேண்டுமானால் ஏறத்தாழ முழுப் பக்கமாகச் சாய்ந்து பலமாக இழுக்க வேண்டும். ஏஸ் காம்பாட் 7-இல் ஸ்டாண்டர்ட், எக்ஸ்பர்ட் என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. ஸ்டாண்டர்டில் கன்ட்ரோலரின் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் விமானம் கொஞ்சம் சாய்ந்து மெல்லத் திரும்பும். முழுதாக உருள விடாது, கையை எடுத்தால் தானே நிமிரும். தொடங்கும்போது பத்திரமாகத் தோன்றும். ஆனால் வேகமான எதிரியின் பின்னால் அதை வைத்துக்கொண்டு ஒருநாளும் போக முடியாது. எக்ஸ்பர்ட் என்ற பெயரைப் பார்த்துப் பயந்து பலரும் அதைத் தொடுவதே இல்லை. அது கேமின் கடின அளவைக் கூட்டுவதில்லை. விமானத்தை விமானம் போலத் திருப்ப விடுகிறது, அவ்வளவுதான். கடின அளவை 'ஈஸி'யிலேயே வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டை எக்ஸ்பர்டில் வையுங்கள். அரை மணி நேரம் கை தடுமாறும். அதன் பிறகு திரும்பிப் போக மனம் வராது.

ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே போகும் என்பதும் துப்பாக்கி கேம்களில் பழகிய கைக்குத் தலைகீழாகப் படும். மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பின்னாளில் ஜாய்ஸ்டிக் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே இழுத்தால் மேலே என்று பழகிவிடுவது நல்லது.

டிவியை மறந்துவிடுவது

குறியை எதிரியின் மேல் கொண்டுவருகிறீர்கள். அது தாண்டிப் போகிறது. திருப்பி இழுக்கிறீர்கள், இந்தப் பக்கம் தாண்டுகிறது. விமானம் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. கேமின் கட்டுப்பாடு மோசம் என்று தோன்றும். பல வீடுகளில் குற்றவாளி டிவி. படத்தை மெருகேற்றுவதற்காக அது ஒவ்வொரு காட்சியையும் கொஞ்ச நேரம் பிடித்துவைத்துக் காட்டுகிறது. கை செய்ததன் விளைவைக் கண் தாமதமாகப் பார்ப்பதால், கை தேவைக்கு மேல் செய்துவிடுகிறது.

இது நிஜ விமானங்களையே வீழ்த்திய சிக்கல். 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஒரு நீர்த்திருவிழாவின்போது, கூட்டத்தின் முன்னே பறந்து காட்டிய கிரிபன் விமானம் இப்படித்தான் விழுந்தது. விமானியின் கை வேகத்துக்குக் கட்டுப்பாட்டு அமைப்பு ஈடுகொடுக்கவில்லை. அவர் திருத்தத் திருத்த ஆட்டம் கூடியது. கடைசியில் அவர் இருக்கையோடு வெளியேறி உயிர் பிழைத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களிலும் யாரும் இறக்கவில்லை. அதே கிரிபன் குடும்பத்து விமானம் ஏஸ் காம்பாட் 7-இல் உண்டு. அதை ஓட்டும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம் நினைவுக்கு வரும்.

டிவியின் படத் தேர்வில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டுப் பிறகு கேமைப் பற்றி முடிவு செய்யுங்கள். பழைய கன்ட்ரோலரில் ஸ்டிக் தானாக ஒரு பக்கம் நகர்கிறது என்றால், செட்டிங்ஸில் டெட்சோன் (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத அளவு) இருக்கிறதா என்று பார்த்துச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். தரையில் ஓடி ஆடும் கேம்களில் கவனிக்காமல் விடக்கூடிய இந்தக் கோளாறு, பறக்கும் கேமில் விமானத்தை ஓயாமல் ஒரு பக்கம் சாய்க்கும்.

ஜாய்ஸ்டிக் முதலில், கேம் பிறகு என்று வாங்குவது

ஒரு கைக்கு ஸ்டிக், இன்னொரு கைக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் என்று ஜோடியாக வருவதை ஹோடாஸ் என்பார்கள். அது மேசைமேல் இருந்தாலே ஒரு உற்சாகம். ஆனால் கன்சோல் எந்த ஸ்டிக்கைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளாது. திரஸ்ட்மாஸ்டர் என்ற ஒரே நிறுவனத்திலேயே மூன்று பெட்டிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். டி.ஃப்ளைட் ஹோடாஸ் 4 பிளேஸ்டேஷன் 4, 5-க்கு. ஹோடாஸ் ஒன் எக்ஸ்பாக்ஸுக்கு. ஹோடாஸ் எக்ஸ் என்பது பிஎஸ்3-க்கும் கணினிக்கும். கடைசிப் பெயரில் உள்ள 'எக்ஸ்' எழுத்தைப் பார்த்து எக்ஸ்பாக்ஸ் என்று எண்ணிவிடுவது எளிது.

பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் "பிளேஸ்டேஷனுக்கு வரும்" என்ற வார்த்தையை நம்பி நான் ஒரு ஸ்டிக் வாங்கினேன். எந்த பிளேஸ்டேஷன் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வீட்டில் செருகினால் விளக்கு எரிந்தது. கன்சோல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கன்சோலின் பெயர், கேமின் பெயர், ஸ்டிக்கின் முழுப் பெயர் மூன்றையும் வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. கேம் அந்த ஸ்டிக்கை ஏற்க வேண்டும் என்பதும் தனி நிபந்தனை.

கேட்டால் நான் சொல்வது இதுதான்: முதல் கேமை சாதாரண கன்ட்ரோலரிலேயே முடியுங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் ஸ்டிக் வாங்குங்கள். ஏஸ் காம்பாட் கன்ட்ரோலரை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. ஸ்டிக் உண்மையில் தன் மதிப்பைக் காட்டுவது வார் தண்டரின் சிமுலேட்டர் சண்டையில்.

கண்ணில் மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் (மெய்நிகர்) கருவி விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். ஏஸ் காம்பாட் 7-இன் விஆர் பகுதி பிஎஸ்4-இன் பழைய பிஎஸ் விஆருக்கானது. அதுவும் தனியாக மூன்று மிஷன்கள்தான். புதிய பிஎஸ் விஆர்2-இல் அது ஓடாது. விஆர்2 வைத்திருந்தால் புராஜெக்ட் விங்மேன் பக்கம் போங்கள்.

டிஸ்க், சர்வர், பதிப்பு

2009-இல் வந்த 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்: பேர்ட்ஸ் ஆஃப் பிரே' நல்ல கேம். பிரிட்டன் மீதான வான்போரும் ஸ்டாலின்கிராடும் அதில் உண்டு. பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிஎஸ்5-க்கு வாங்கினால் வீண். பிஎஸ்3 டிஸ்க்கை அது படிக்காது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் பழையவற்றில் குறிப்பிட்ட சிலவற்றை ஓட்டும், 2003-இன் 'கிரிம்சன் ஸ்கைஸ்' அவற்றில் ஒன்று. சீரீஸ் எஸ்-இல் டிஸ்க் போடும் இடமே இல்லை.

சர்வரை மட்டுமே நம்பி நிற்கும் கேம் என்றால், அது என்றாவது மறையும் என்ற நினைப்போடு காசு போடுங்கள். பிஎஸ்3-இல் 'ஏஸ் காம்பாட் இன்ஃபினிட்டி' 2014-இல் இலவசமாக வந்தது. 2018 மார்ச் 31-உடன் சேவை நின்றது. அதில் சேர்த்த விமானங்களும் செலவிட்ட பணமும் அன்றோடு போயின. இன்னொரு கணக்கு: ஏஸ் காம்பாட் 7-ஐ ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷனில் பிளஸ் சந்தா வேண்டும். வார் தண்டருக்கு வேண்டாம். அண்ணனும் தம்பியும் ஒரே டிவியில் திரையைப் பிரித்து ஆடலாம் என்று ஏஸ் காம்பாட் 7 வாங்குபவர்களும் ஏமாறுவார்கள். அந்த வசதி அதில் கிடையாது.

ஏஸ் காம்பாட் 7-இல் சீசன் பாஸ் உள்ள பதிப்பையே முதலில் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். அதில் மூன்று கற்பனை விமானங்களும் மூன்று கூடுதல் மிஷன்களும் வரும். விமானங்கள் இல்லாமலும் இருந்துவிடலாம். அந்த மூன்று மிஷன்கள் மட்டும் முழு கேமிலேயே சிறந்த பகுதி என்பேன். 20 மிஷன்களை முடித்தும் கை ஓயவில்லை என்றால், தள்ளுபடி வரும் நாளில் அந்த மிஷன்களுக்காக வாங்குங்கள்.