மறுகூட்டலா, மறுமதிப்பீடா? என் அனுபவம்

பாபநாசத்தில் அக்கா மகளின் பிளஸ் டூ முடிவு வந்தபோது வேதியியல் மட்டும் இடித்தது. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் அது பாதியாகத்தான் சேரும். ஆனால் அங்கே அரை மதிப்பெண்ணே தரவரிசையை எங்கோ தள்ளிவிடும்.

"மறுகூட்டலே போதும் சித்தி" என்றாள். நான் விடவில்லை. மறுகூட்டலில் போட்ட மதிப்பெண்களைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பதோடு சரி, விடையை மறுபடி படித்து மதிப்பெண் போட மாட்டார்கள்; அது மறுமதிப்பீட்டில்தான். மறுமதிப்பீடு வேண்டுமென்றால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கியிருக்க வேண்டும். படித்த பள்ளி வழியாக நகலுக்கு விண்ணப்பித்தோம். அவகாசம் சில நாட்கள்தான். குறுவை நாற்றங்கால் வேலையை அத்தான் தலையில் கட்டிவிட்டு அக்கா ஓடினாள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், நகலைப் பதிவிறக்க அதிலுள்ள எண் வேண்டும்.

நகலை வேதியியல் ஆசிரியர் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி எழுதிய ஒரு ஐந்து மதிப்பெண் விடையில் சிவப்பு மை படவே இல்லை! சரி, மறுமதிப்பீட்டுக்குப் போட்டோம். மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டும்தான் பட்டியலில் வரும். அவள் எண் இருந்தது. நான்கு கூடியது; கட்-ஆஃபில் இரண்டு.

அப்புறம் இன்னொன்று. திருத்திய விடைத்தாளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 'தகவல்'தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நகல் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.